க்ளோத் லொரேனின் இடிபாடுகளை நகலெடுக்கும்போது: கேள்வி பதில்

எடுத்துக்கொண்ட ஓவியம், 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நிலக்காட்சி ஓவியர் லொரேன் 1636-இல் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய ‘கம்போ வச்சினோ’. பழைய ரோமானியச் சதுக்கம் மண்மூடி மாடு மேய்ந்த காலத்துக் காட்சி. பெயரின் பொருளே மாட்டு மைதானம்தான். அசல் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கேன்வாஸ் என்ன அளவு சார்? கட்டம் போட்டு வரைவது தப்பா?

தப்பே இல்லை. அசல் 56×72 செ.மீ. நீங்கள் 42×54 எடுங்கள். அசலுக்கு 8 செ.மீ. கட்டம், உங்களுக்கு 6 செ.மீ. இரண்டிலும் 7-க்கு 9 கட்டங்கள், மிச்சம் விழாது. கடையில் 45×60 தான் கிடைத்தால் ஓரத்தை டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். லூவரிலேயே அமர்ந்து நகலெடுப்பவர்களும் அசலைவிட ஐந்தில் ஒரு பங்காவது பெரிதாகவோ சிறிதாகவோதான் வரைய வேண்டும்.

வெள்ளைக் கேன்வாஸில் நேரே தொடங்கலாமா?

வேண்டாம். வெள்ளையின் பக்கத்தில் எந்த வண்ணமும் இருட்டாகத் தெரியும். பயந்து வெளிறக் கலப்பீர்கள். ரா அம்பரும் (மண் பழுப்பு) எல்லோ ஓக்கரும் (மண் மஞ்சள்) டர்பன்டைனில் கரைத்துப் பூசி, துணியால் துடைத்துவிடுங்கள். தேநீர்க் கறை அளவு போதும்.

அடிவானத்தில் வானம் பச்சையாகிவிடுகிறது.

ஈர மஞ்சளும் ஈர நீலமும் நேரடியாகத் தொட்டுக்கொள்கின்றன. நடுவில் வெள்ளையோடு துளி லைட் ரெட் (செம்மண் சிவப்பு) கலந்த வெளிர் இளஞ்சிவப்புப் பட்டை ஒன்று வையுங்கள். மூன்றுக்கும் மூன்று பிரஷ்.

தூண்கள் புது சிமென்ட் தூண்களாகத் தெரிகின்றன.

நிழலில் வெள்ளை கலந்திருப்பீர்கள். நிழலுக்கு அம்பரும் அல்ட்ராமரைனும் (அடர் நீலம்) மட்டும், முதலில் பூசிய அடிப்பூச்சு தெரியும்படி மெல்லியதாக. வெளிச்சப் பக்கத்துக்கு வெள்ளை 4, ஓக்கர் 1, அம்பர் சிட்டிகை. இதைத் தடிப்பாகவே வையுங்கள். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைநிறத்தைக் கலக்கவே வேண்டாம். நிழல் நன்றாகக் காய்ந்தபின், அதே வெளிச்ச வண்ணத்தை எண்ணெயில்லாத பிரஷ்ஷில் எடுத்து, துணியில் முக்கால்வாசி துடைத்துவிட்டு, நிழல் விளிம்பின் மேல் லேசாக இழுங்கள். அடியிலுள்ள பழுப்பு கசிந்து குளிர்ந்த சாம்பலாகத் தெரியும். பேலட்டில் (வண்ணத் தட்டில்) எவ்வளவு கலக்கினாலும் அந்தச் சாம்பல் வராது. தூணின் வரிப்பள்ளங்களை எண்ணி எண்ணிப் போடாதீர்கள். வெளிச்சம் நிழலாகத் திரும்பும் இடத்தில் மூன்று நான்கு போதும்.

கொலோசியம் முன்னால் வந்து நிற்கிறதே?

அதில் அம்பரே சேர்க்காதீர்கள். அடிவான வண்ணத்தை எடுத்து ஒரு படி மட்டும் இருட்டாக்குங்கள். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள்: முன்னாலுள்ள செவேருஸ் வளைவின் (ரோமப் பேரரசர் செவேருஸின் வெற்றி வளைவு) நிழலோடு போட்டி போட்டால் இன்னும் வெளிற வேண்டும்.

காய்ந்ததும் சில இடங்கள் மங்கிப்போகின்றன.

கீழுள்ள அடுக்கு எண்ணெயை உறிஞ்சிவிட்டது. தொட்டால் ஒட்டாத பதத்தில் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் நாலு சொட்டுத் தடவி, மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். வண்ணம் கரைக்க முதல் அடுக்குக்கு டர்பன்டைன் மட்டும், அடுத்ததற்கு டர்பன்டைனும் எண்ணெயும் சரிபாதி, கடைசியில் டர்பன்டைன் ஒன்றுக்கு எண்ணெய் இரண்டு பங்கு. தலைகீழாகச் செய்தால் மேலடுக்கு வெடிப்பு விடும். எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும், விரித்துக் காயவையுங்கள்.

வார்னிஷ் எப்போது? கையெழுத்து?

ஆறு மாதம் கழித்து. முன்னால் லொரேன் பெயர் கூடாது. பின்பக்கம் உங்கள் பெயரும் ‘நகல்’ என்ற சொல்லும்.