தட்டும் ஊசியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகன் அங்கே வாங்கிய பழைய ரெக்கார்ட் பிளேயரைக் கொண்டுவந்து கொடுத்தான். 110 வோல்ட் என்பதால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மாட்டினேன். ஓடுகிறது, ஆனால் எல்லாப் பாட்டும் இழுவையாகக் கேட்கிறது. பெல்ட் மாற்றியும் சரியாகவில்லை.
- வாசகர், மதுரை

பதில்: பெல்ட் பாவம், அதன்மேல் தப்பில்லை. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மட்டும்தான் குறைக்கும். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அதை டிரான்ஸ்ஃபார்மரால் மாற்ற முடியாது. பழைய பிளேயர்கள் பலவற்றில் உள்ள ஏ.சி. மோட்டார் இந்த ஹெர்ட்ஸ் கணக்கில்தான் சுழலும். ஆகவே ஆறில் ஒரு பங்கு வேகம் போய்விடும். 33⅓ சுற்று ஓடவேண்டிய தட்டு நிமிடத்துக்கு 27.8 சுற்றுதான் ஓடும். கச்சேரி கேட்பவர்களுக்குச் சொல்வதென்றால், 5 கட்டை சுருதியில் பாடியவர் 3 கட்டைக்கும் சற்றுக் கீழே இறங்கிவிடுவார்.

இதை உறுதிசெய்ய எந்தக் கருவியும் வேண்டாம். தட்டு உட்காரும் சுழல்மேடையான பிளாட்டரின் ஓரத்தில் ஒரு சின்னக் காகிதத் துண்டை ஒட்டுங்கள். தட்டு வைத்து, ஊசியையும் இறக்கிவிட்டு, 3 நிமிடத்தில் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். சரியான வேகம் என்றால் 100. உங்களுக்கு 83 வரும் என்று நினைக்கிறோம்.

83 வந்தால் வழி இரண்டு. மோட்டார் தண்டில் இருக்கும் புல்லியை 50 ஹெர்ட்ஸுக்கானதாக மாற்றுவது முதல் வழி. பிரிட்டனின் காரார்டு போன்ற சில கம்பெனிகள் இரண்டு ஹெர்ட்ஸுக்கும் தனித்தனிப் புல்லி செய்தன, தேடினால் கிடைக்கும். கிடைக்காவிட்டால் நல்ல லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்துகொள்ளலாம். விட்டம் 1.2 மடங்கு இருக்கவேண்டும். பெல்ட்டின் கனத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள், இல்லாவிட்டால் வேகம் கொஞ்சம் குறைந்துபோகும். புல்லியில் டேப் சுற்றி விட்டத்தைக் கூட்டச் சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு, கேட்காதீர்கள். டேப் ஒருபோதும் ஒரே சீராக உட்காராது, வீணையின் நீண்ட கார்வை நடுங்கும். இரண்டாவது வழி 60 ஹெர்ட்ஸை உண்டாக்கித் தரும் தனி பவர் சப்ளை. நல்ல பிளேயர் என்றால் மட்டும் அந்தச் செலவு நியாயம்.

இன்னொன்று: இப்போது வரும் பிளேயர்கள் பலவும் டி.சி. அடாப்டரில் ஓடுபவை. அவற்றுக்கும், பெல்ட் இல்லாமல் மோட்டாரே பிளாட்டரை நேராகச் சுழற்றும் குவார்ட்ஸ் கட்டுப்பாடுள்ள டைரக்ட் டிரைவ் வகைக்கும் இந்தத் தொல்லை இல்லை. வோல்டேஜ் பொருந்தினால் போதும். அடுத்தமுறை யாராவது "அங்கேயிருந்து கொண்டுவரட்டுமா?" என்று கேட்டால், பின்பக்க லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: புதிய பிளேயர், ஊசி பொருத்தியிருக்கும் காட்ரிட்ஜ் ஆடியோ-டெக்னிகா வி.எம்.95இ. முதல் இரண்டு பாட்டு அருமை. ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டில் மட்டும் 'ச', 'ஸ' எல்லாம் கரகரக்கிறது. ஊசி கெட்டதா?
- வாசகி, திருச்சி

பதில்: புது ஊசியைச் சந்தேகிக்க வேண்டாம். 33⅓ சுற்றுத் தட்டான எல்.பி.யின் வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் தடம் விநாடிக்கு சுமார் 51 சென்டிமீட்டர் ஓடுகிறது. உள்ளே வரவர அது 21 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைகிறது. அதே 'ஸ' ஒலி பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கியடித்து வெட்டப்பட்டிருக்கும். ஊசி துளி கோணலாக இருந்தாலும் வெளியே தெரியாத பிழை உள்ளே வந்ததும் பல்லிளிக்கும்.

முதலில் ரசமட்டம் வைத்துப் பிளாட்டரைச் சமப்படுத்துங்கள். அடுத்தது ஊசியின் எடை. ஊசியைத் தட்டின் நடுப்பக்கம் இழுக்கும் விசையை ஈடுகட்டும் ஆன்டி-ஸ்கேட்டைப் பூஜ்யத்தில் வையுங்கள், ஊசி மூடியைக் கழற்றுங்கள். டோன் ஆர்மின், அதாவது ஊசியைச் சுமக்கும் கையின், பின்னால் இருக்கும் எடையைத் திருகித் திருகி, ஆர்ம் மேலும் போகாமல் கீழும் இறங்காமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்யுங்கள். எடையை அசையாமல் பிடித்துக்கொண்டு எண் வளையத்தை மட்டும் 0-க்குத் திருப்புங்கள். பிறகு எடையும் வளையமும் சேர்ந்து 2.0 வரை திரும்பட்டும். இந்தக் காட்ரிட்ஜுக்கு 1.8 முதல் 2.2 கிராம் வரை சரி. வளையத்தின் எண்ணை முழுதாக நம்பாமல், 0.01 கிராம் காட்டும் சின்ன ஊசித் தராசு ஒன்று வாங்கிச் சரிபாருங்கள். எடை கூடினால் தட்டு தேயும் என்று பயந்து 1.5-இல் ஓட்டுபவர்கள் உண்டு. அதுதான் ஆபத்து: எடை போதாத ஊசி தடத்தின் சுவரை விட்டுத் துள்ளித் துள்ளி மோதும், சுவர் சிதையும்.

உங்கள் வியாதிக்கு நேரான மருந்து கோணத்தைச் சரிசெய்வது. புரொட்ராக்டர் என்ற கோண அட்டையை அச்சிட்டுக்கொள்ளலாம். பிரிண்டரில் 100 சதவீதம் என்று வைத்து, வந்ததும் ஸ்கேலால் அளந்து பாருங்கள். பேர்வால்ட் முறை அட்டையில் மையத்திலிருந்து 66 மில்லிமீட்டரில் ஒரு புள்ளி, 120.9-இல் ஒரு புள்ளி. ஆர்மின் நுனியில் காட்ரிட்ஜ் பொருத்தியிருக்கும் ஹெட்ஷெல்லின் இரண்டு திருகையும் சற்றே தளர்த்தி, இரண்டு புள்ளியிலும் ஊசி இறங்கும்போது காட்ரிட்ஜின் பக்கங்கள் கட்டக் கோடுகளுக்கு இணையாக நிற்கும்வரை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஒரு புள்ளியில் சரியாகும், மற்றதில் தப்பும். பொறுமையாக உட்கார்ந்தால் அரைமணி நேர வேலை. திருகை இறுக்கியபின் மறுபடி ஒருமுறை பாருங்கள், இறுக்கும்போதுதான் பெரும்பாலும் நகரும். நகர்ந்திருந்தால் எடையையும் திரும்ப அளக்கவேண்டும்.

கடைசியாக ஆன்டி-ஸ்கேட்டை 2-க்கு ஏற்றுங்கள். கரகரப்பு வலது ஸ்பீக்கரில் மட்டும் மிஞ்சினால் இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கள். ஊசி உள்பக்கச் சுவரில் சாய்ந்துகொண்டு, வலது சானல் இருக்கும் வெளிச்சுவரைச் சரியாகத் தொடவில்லை என்று அர்த்தம்.

இத்தனைக்குப் பிறகும் பழைய தட்டுகள் மட்டும் கரகரத்தால், அவற்றை முன்பு யாரோ தேய்ந்த ஊசியில் ஓட்டிவிட்டார்கள். அதைத் திருத்த முடியாது. இதே காட்ரிட்ஜில் எம்.எல். என்று முடியும் மைக்ரோலீனியர் ஊசியைச் செருகினால் ஓரளவு தணியும். உடல் ஒன்றுதான், ஊசி மட்டும் மாறும். இ வகை ஊசிக்கு ஆயுள் சுமார் 300 மணி நேரம், எம்.எல்.லுக்குச் சுமார் 1,000. விலையை மணி நேரத்தால் வகுத்துப் பார்த்தால் அது அவ்வளவு ஊதாரித்தனம் இல்லை என்பது எங்கள் கட்சி. ஆம்ப்ளிஃபயரை மாற்றுவதற்கு முன் ஊசியை மாற்றுங்கள்.

கேள்வி: ஆம்ப்ளிஃபயரில் ரெக்கார்ட் பிளேயருக்கான 'போனோ' துளை இல்லை. பொதுவான 'ஆக்ஸ்' துளையில் செருகினால் கொசு பாடுவதுபோல் இருக்கிறது.
- வாசகர், ஈரோடு

பதில்: அப்படித்தான் இருக்கும். மூவிங் மேக்னெட் காட்ரிட்ஜ் தருவது 3 முதல் 5 மில்லிவோல்ட். ஆக்ஸ் எதிர்பார்ப்பது அதைப்போல் பல பத்து மடங்கு. மேலும் தட்டு வெட்டும்போதே கீழ்ச்சுரங்களை அடக்கி, மேல்சுரங்களைத் தூக்கி வெட்டுகிறார்கள். 1954-இல் இருந்து இதற்கு ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற பொது அளவு இருக்கிறது. இதைத் தலைகீழாக்கித் திருப்பித் தருவதுதான் போனோ ப்ரீஆம்பின் வேலை. தனிப்பெட்டியாக ஒன்று வாங்குங்கள். வாங்குமுன் பிளேயரின் பின்னால் 'போனோ / லைன்' சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள், பலவற்றில் உள்ளேயே உண்டு.

பெட்டி வைத்தபின் "ம்ம்ம்" என்று இரைந்தால், பிளேயரிலிருந்து வரும் மெல்லிய தனி வயரைப் ப்ரீஆம்பின் எர்த் திருகில் கட்டுங்கள். அதை உபரி வயர் என்று நினைத்து வெட்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: தாத்தாவின் சாவி கொடுக்கும் கிராமபோனும் ஒரு பெட்டி நிறைய 78 (நிமிடத்துக்கு 78 சுற்று) தட்டுகளும் இருக்கின்றன. அதில் எல்.பி. போடலாமா? என் புதுப் பிளேயரில் 78 போடலாமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: முதல் கேள்விக்கு ஒரே பதில்: கூடவே கூடாது. கிராமபோனின் ஊசியைத் தாங்கும் சவுண்ட்பாக்ஸ் 100 கிராமுக்கு மேல் அழுத்தும், எல்.பி. ஒரே ஓட்டத்தில் உழவு கண்ட நிலமாகிவிடும்.

78-ஐப் புதுப் பிளேயரில் போட, அதற்கு 78 வேகம் இருக்கவேண்டும், பெரும்பாலானவற்றில் இல்லை. ஊசியும் வேறு. எல்.பி. ஊசியின் முனை ஆரம் சுமார் 18 மைக்ரான், 78-க்கு 65 முதல் 75 வேண்டும். சின்ன ஊசி அகலமான தடத்தின் அடியில் கிடக்கும் அழுக்கில் புரண்டுகொண்டிருக்கும், பாட்டைவிட இரைச்சல் அதிகம் வரும். மோனோ சுவிட்ச் இருந்தால் போடுங்கள், இரைச்சலில் ஒரு பகுதி அங்கேயே கழிந்துவிடும்.

கிராமபோனிலேயே கேட்பதானால் எஃகு ஊசி ஒரு பக்கத்துக்கு ஒன்று. கஞ்சத்தனம் வேண்டாம். அரக்குத் தட்டில் கலந்திருக்கும் கல்தூள் ஊசியைத் தேய்த்துவிடும்; தேய்ந்து கூரான ஓரத்தோடு அடுத்த பக்கம் போனால் உளி மாதிரி வேலை செய்யும்.

78-ஐ எக்காரணம் கொண்டும் ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைக்காதீர்கள். அரக்கு அதில் கரையும்.

கேள்வி: மழைக்காலத்தில் எல்.பி.களில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கிறது.
- வாசகி, நாகர்கோவில்

பதில்: ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் 150 மில்லி ஐசோபுரோபில் ஆல்கஹாலும் பாத்திரம் கழுவும் லிக்விட் நான்கைந்து சொட்டும் கலந்து, மென்மையான பிரஷால் தடத்தின் வழியே வட்டமாகத் தேயுங்கள், குறுக்கே வேண்டாம். லேபிளில் ஈரம் படக்கூடாது. வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இன்னொரு முறை அலசி, மின்விசிறிக் காற்றுக்கு எதிரே இல்லாமல் நிழலில் நிறுத்திக் காயவையுங்கள். குழாய்த் தண்ணீர் காய்ந்தால் உப்பு தடத்துக்குள் தங்கும். பழைய காகித உறையில் திரும்பப் போட்டால் பூஞ்சை அடுத்த மாதமே வரும், அதைத் தூக்கிப் போடுங்கள். படம் போட்ட வெளி அட்டை இருக்கட்டும்.

கேள்வி: சி.டி.யைவிட எல்.பி. ஒலி உண்மையிலேயே உசத்தியா?
- வாசகர், சேலம்

பதில்: அளவுகோலில் இல்லை. சி.டி.யின் ஒலி வீச்சு சுமார் 96 டெசிபல், நல்ல எல்.பி. 70-ஐத் தொட்டாலே பெரிது. ஆனால் சில பழைய பதிவுகளைப் பிற்பாடு சி.டி.யாக்கியபோது இரைச்சல் நீக்குகிறேன் என்று தம்புராவையும் சேர்த்து வழித்துவிட்டார்கள். அந்த இடத்தில் பழைய எல்.பி.தான் ஜெயிக்கும்.

கேள்வி: ஊசி ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்பப் பாடுகிறது. டோன் ஆர்ம் மேல் 25 பைசா வைத்தால் போகிறது. தொடரலாமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: அந்த எஃகுக் காசு ஏறக்குறைய 3 கிராம். 2 கிராமில் ஓடவேண்டிய ஊசியை 5 கிராமில் ஓட்டுகிறீர்கள். ஊசியைத் தாங்கும் நுண்ணிய குழாயின் ரப்பர் அமுங்கிப்போகும். காசை எடுத்துவிட்டு எடையை அளந்து பாருங்கள். எடை சரியாக இருந்தால் அந்தத் தடத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், பெரும்பாலும் ஒரு கெட்டி அழுக்குத்தான் இருக்கும், ஈரப் பிரஷுக்கு வந்துவிடும். எல்லாத் தட்டிலும் இப்படி ஆனால் ஆர்மின் பேரிங்கில் துரு அல்லது உள் வயரின் இறுக்கம். ஆர்மை அந்தரத்தில் நிறுத்தி மெதுவாக ஊதுங்கள். தடையில்லாமல் மிதந்து போகவேண்டும், நடுவில் எங்கேயாவது நின்றால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.