பனி இறங்கும் ஊரில் கோழிக்கூட்டுக்குத் தானியங்கிக் கதவு: கேள்வி பதில்

கோழிக்கூட்டுக்குத் தானாகத் திறந்து மூடும் கதவு போட்டிருக்கிறேன் என்று வாய்தவறிச் சொன்னதிலிருந்து கேள்விகள் குவிந்துவிட்டன. தனித்தனியே எழுத முடியாததால் சேர்த்தே பதில் போடுகிறேன். நான் கோழி டாக்டர் இல்லை. தேயிலை பெக்டரியில் மோட்டர், பெல்ட், சுவிட்ச் என்று இருபது வருடம் கை கறுத்தவன். இப்போது இலங்கை மலையகத்தில், கொட்டகலையில், வீட்டுக்குப் பின்னால் பதினொரு ஊர்க்கோழிகளோடு இருக்கிறேன்.

தலவாக்கலையிலிருந்து ஒரு தங்கச்சி: அண்ணே, வெளிச்சத்தைப் பார்த்துத் திறக்கிற கதவு, டைமரில் திறக்கிற கதவு என்று இரண்டு வகை இருக்கிறது. வெளிச்ச வகைக்குத்தான் விலை கூட. அப்போ அதுதானே நல்லது?

நானும் அப்படி நினைத்துத்தான் முதல் கதவை வாங்கினேன். அது ஜூலை மாதம். பின்னேரம் மூன்றரைக்கு மேல்மலையிலிருந்து பனி இறங்கியது. பத்தடி தள்ளி இருந்த தண்ணீர்த் தொட்டி தெரியவில்லை. சென்சருக்கு அது பொழுதுபட்ட மாதிரி. கதவு மூடிவிட்டது. நான் டவுனுக்குப் போயிருந்தேன். ஐந்தரைக்கு வந்து பார்த்தால் நான்கு கோழிகள் கதவுக்கு முன்னால் நனைந்த இறகோடு வரிசையாக நிற்கின்றன, மிச்சம் விறகுக் கொட்டிலுக்கு அடியில். பனி கொஞ்சம் விலகியதும் கதவு திறந்தது. அவை உள்ளே நுழைய யோசிப்பதற்குள் திரும்பவும் பனி, திரும்பவும் மூடியது. வாசலில் தலையை நீட்டிய சேவலுக்குக் கொண்டை தப்பியது என் கையால்தான்.

இந்த சென்சர் கதவுகள் சூரியன் மாதத்துக்கு மாதம் நேரம் மாற்றுகிற நாடுகளுக்காகச் செய்தவை. லண்டனில் டிசம்பரில் பின்னேரம் நாலு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும், ஜூனில் இரவு ஒன்பதும் தாண்டும். அங்கே டைமர் வைத்தால் வாரத்துக்கு வாரம் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். நமக்கு என்ன? நவம்பரில் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் சூரியன் மறைகிறது, ஜூலையில் ஆறரையை ஒட்டி. வருடம் முழுக்கச் சேர்த்தாலும் முக்கால் மணி நேர வித்தியாசம்கூட இல்லை. மாலை 6.50க்கு மூடு என்று வைத்துவிட்டு, ஜூன் ஜூலையில் மட்டும் ஒரு பத்து நிமிடம் தள்ளினால் போதும். மலையகத்துக்கு டைமர்தான் பொருத்தம், அதுவும் மலிவு.

ஏற்கெனவே சென்சர் வகையை வாங்கியவர்கள் அதைத் தூக்கிப்போட வேண்டாம். பெரும்பாலானவற்றில் டைமருக்கு மாற்றும் வசதி இருக்கும், அல்லது திறப்பதை வெளிச்சத்துக்கும் மூடுவதை நேரத்துக்கும் விடலாம். வராந்தா பல்பின் வெளிச்சம் சென்சரில் படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டால் ராத்திரி முழுக்கக் கதவு திறந்தே கிடக்கும்.

பொகவந்தலாவையிலிருந்து: காலையில் எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும்? நாங்கள் இரண்டு பேரும் பிரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடம்) போய்விடுவோம்.

ஆறரைக்குத் திறக்கலாம். ஆனால் நான் எட்டு மணிக்குத்தான் திறக்கிறேன். கோழிகள் பெரும்பாலும் காலையில்தான் முட்டையிடும். சீக்கிரம் விட்டால் தேயிலைப் புதருக்குள் போய் இட்டுவிட்டு வரும், அப்புறம் நீங்கள் குனிந்து தேட வேண்டும். உள்ளே தண்ணீரும் கொஞ்சம் தீனியும் இருந்தால் எட்டு மணி வரை பொறுத்துக்கொள்ளும். இடம் நெருக்கமாக இருந்தால் மட்டும் சீக்கிரம் விடுங்கள், இல்லாவிட்டால் ஒன்றையொன்று கொத்தும்.

மஸ்கெலியாவிலிருந்து ஓர் அண்ணன்: கீரித் தொல்லை. இந்தக் கதவு போட்டால் நின்றுவிடுமா?

நிற்காது அண்ணே. கீரி பகலில் வேட்டையாடுவது. பகலில் உங்கள் கதவு திறந்துதானே இருக்கும்? கதவு காப்பாற்றுவது ராத்திரி வருகிற மரநாயிடமிருந்து. கீரிக்கு வலை அடித்த முற்றம்தான் வழி. அதற்கும் ஆறுமூலைக் கோழிவலை வேண்டாம், பல்லால் இழுத்தே பிய்த்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள, வெல்டிங் செய்த கம்பி வலை போடுங்கள். ஓர் அடி வலையை மண்ணுக்குள் புதையுங்கள், தோண்டி வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

சிறுத்தை வருகிற இடமென்றால் அது வேறு கணக்கு. சுவரும் கூரையும் பலமாக இல்லாத கூட்டுக்கு எந்தக் கதவும் உதவாது.

நானுஓயாவிலிருந்து: சோலரில் ஓடுவது வாங்கட்டுமா?

வேண்டாம். மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை நம் பக்கத்தில் சூரியனை எண்ணித்தான் பார்க்க வேண்டும். பதுளை, வெலிமடைப் பக்கம் என்றால் அந்த மாதங்களில் நல்ல வெயில். அவர்களுக்கு டிசம்பர், ஜனவரி மழைதான் சிக்கல். சின்னச் சோலர் தகடு அந்த நாட்களில் பெட்டரியை நிரப்பாது.

அப்போ எந்த பெட்டரி? (இதையே நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள்.)

நான்கு பென்டோர்ச் பெட்டரியில் (AA அளவு) ஓடும் கதவென்றால் அல்கலைன் வகை மட்டும் போடுங்கள். மலிவான சாதாரண பெட்டரி குளிரில் சீக்கிரம் படுத்துவிடும், கசிந்து கம்பியையும் தின்னும். சார்ஜ் பண்ணுகிற வகை ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான், நான்கு சேர்ந்தால் 4.8. அல்கலைன் நான்கு என்றால் 6. சில கதவுகள் அந்தக் குறைவைப் பார்த்தே 'பெட்டரி தீர்ந்தது' என்று மறுத்துவிடும்.

பெரிய 12 வோல்ட் பெட்டரி வைப்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கதவு சும்மா நிற்கும்போது 10 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைப்போம். ஒரு நாளைக்கு 0.24 ஆம்பியர் மணி. 7 ஆம்பியர் மணி பெட்டரி கணக்குப்படி 29 நாள் தாங்கும். ஈய பெட்டரியை அடிவரை இறக்கினால் கெட்டுவிடும், ஆகவே பாதி நாளில் சார்ஜ் போட வேண்டும். கரண்ட் இருக்கிற இடமென்றால் சார்ஜரோடு சேர்த்து விடுங்கள், கரண்ட் போனாலும் பெட்டரி பார்த்துக்கொள்ளும். ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேர இடி வரும். அந்த நேரம் பிளக்கைக் கழற்றி விடுங்கள்.

ஹப்புத்தளையிலிருந்து ஒரு தம்பி: வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிற காசு இல்லை அண்ணே. நானே செய்ய முடியுமா?

முடியும் தம்பி, எனது இரண்டாவது கதவு அப்படிச் செய்ததுதான். தேவையானது 12 வோல்ட்டில் நீண்டு சுருங்குகிற அக்சுவேட்டர் ஒன்று (12 அங்குலம் நகரும் வகை), 12 வோல்ட் டிஜிட்டல் டைமர் ஒன்று, எட்டுக் கால் ரிலே (கரண்ட் கொடுத்தால் தானே மாறும் சுவிட்ச்) ஒன்று. டைமர் போட்டதும் ரிலே ஒரு பக்கம் சாயும், கதவு மேலே போகும். டைமர் அணைந்ததும் ரிலே மறுபக்கம் விழுந்து பிளஸ் மைனஸ் மாறும், கதவு கீழே வரும். கடைசி இடத்தில் நிற்பதற்கான சுவிட்ச் அக்சுவேட்டருக்குள்ளேயே இருக்கும், வாங்கும்போது அது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்.

இரண்டு இடத்தில் கவனம். ஒன்று, ரிலே பகல் முழுக்கப் பிடித்துக்கொண்டிருக்க 70, 80 மில்லி ஆம்பியர் தின்னும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு 0.9 ஆம்பியர் மணி போல. சார்ஜர் இல்லாமல் பெட்டரியில் மட்டும் ஓட்ட நினைத்தால் ஒரு வாரம்கூட நிம்மதியாக ஓடாது.

மற்றது உயிர் விஷயம். அக்சுவேட்டருக்கு மோட்டர்சைக்கிளையே தூக்கிவிடுகிற பலம். கதவைத் தள்ளி இறக்க விட்டால் நடுவில் கோழி நிற்கிறதா என்று அதற்குத் தெரியாது. நான் கதவை அதோடு நேராக முடுக்கவில்லை. ஒரு கயிற்றில் கட்டினேன். ஏறும்போது அக்சுவேட்டர் இழுக்கும், இறங்கும்போது கதவு தன் பாரத்தில்தான் இறங்கும். அடியில் கோழி இருந்தால் முதுகில் உட்காரும், அவ்வளவுதான். ஆனால் கயிற்றுக் கதவை மரநாய் நகத்தால் தூக்கப் பார்க்கும். அதனால் கதவின் அடி விளிம்புக்கு வெளிப்பக்கம் ஓர் அங்குல உயரமுள்ள மரச்சட்டம் அடித்திருக்கிறேன். கதவு அதற்குப் பின்னால் இறங்கி மறையும், நகம் வைக்க இடமில்லை.

கடையில் வாங்குகிறவர்களும் இதையே பாருங்கள்: நடுவில் தடை பட்டால் நின்று திரும்புகிறதா, மூடியபின் வெளியிலிருந்து தூக்க முடியாமல் நிற்கிறதா. இந்த இரண்டும் சரியாக இருந்தால் மிச்சமெல்லாம் அலங்காரம்.

லிந்துலையிலிருந்து: பலகைக் கதவு போட்டேன், மழைக்காலத்தில் சிக்கிக்கொள்கிறது.

பலகை ஊதும், அதன் குணம். அலுமினியத் தகடு போடுங்கள், ஓடும் பள்ளத்தில் இரண்டு பக்கமும் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். அடியில் பள்ளம் வைக்காதீர்கள். மரத்தூளும் எச்சமும் நிரம்பி, கதவு விரல்கடை உயரத்தில் நின்றுவிடும். எலிக்கு அது தாராளம்.

கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கூட்டுக்கு வெளியே, தகரத்தின் நிழலில் மாட்டுங்கள். உள்ளே எச்சத்திலிருந்து எழும் அமோனியா செம்புக் கம்பியைப் பச்சை பிடிக்க வைக்கும். கம்பி பெட்டிக்குள் நுழையும் முன் ஒருமுறை கீழே வளைந்து ஏறட்டும், தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

எவ்வளவு பெரிய வாசல்?

ஊர்க்கோழிக்கு ஓர் அடிக்கு ஓர் அடி தாராளம். பெரிய சேவல் இருந்தால் உயரத்தில் இரண்டு அங்குலம் கூட்டுங்கள்.

நுவரெலியாவிலிருந்து: மைனஸ் இருபதிலும் வேலை செய்யும் என்று போட்டிருக்கிறான். அதை வாங்கட்டுமா?

ஜனவரியில் உங்கள் புல்லில் பனி உறைவதைப் பார்த்திருக்கிறேன், அந்தக் குளிருக்குச் சாதாரணக் கதவே போதும். மைனஸ் இருபதுக்குக் காசு கொடுக்க வேண்டாம். கதவு இறுக்கமாக மூடுகிறதே என்று மேலே உள்ள காற்று ஓட்டைகளையும் அடைத்துவிடாதீர்கள், ஈரமான காற்று நின்றால் கோழிக்குச் சளி பிடிக்கும்.

நோர்வூட்டிலிருந்து ஓர் அக்கா: போனிலிருந்தே பார்க்கிற வகை இருக்கிறதாமே?

இருக்கிறது அக்கா. ஆனால் கூட்டுப் பக்கம் சிக்னல் இருக்க வேண்டும், கதவு எப்போதும் விழித்திருக்க வேண்டும், பெட்டரி அதற்கேற்பத் தீரும். நான் கதவின் அடியில் காந்தமும் சட்டத்தில் காந்த சுவிட்சும் வைத்து, இரண்டு கம்பியை இழுத்துச் சமையலறை ஜன்னலில் ஒரு சின்னச் சிவப்பு லைட் போட்டிருக்கிறேன். கதவு முழுசாக மூடினால்தான் எரியும். என் மனைவி தேத்தண்ணி ஊற்றும்போதே பார்த்துவிடுவாள்.

இரண்டு கோழிகள் மாலையில் உள்ளே போவதே இல்லை. கதவு மூடியபின் வெளியே நிற்கின்றன.

குஞ்சிலிருந்து இப்போதுதான் பெரிதானவையாக இருக்கும். நான்கைந்து நாள் கூட்டிலேயே அடைத்து வையுங்கள், வீடு இதுதான் என்று பழகும். பின்னேரத் தீனியை உள்ளே போடுங்கள். உள்ளே ஒரு சின்ன பல்பு மூடும் நேரம் வரை எரியட்டும். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது, வெளிச்சம் இருக்கிற பக்கம்தான் நடக்கும். அப்படியும் முரண்டு பிடிக்கிற ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்கும். எங்கள் வீட்டில் அது ஒரு கறுப்புப் பெட்டை. கொய்யா மரத்தில்தான் ஏறும். ஏழு மணிக்கு டோர்ச்சோடு போய்ப் பிடித்து வருகிறேன், கதவை ஒருமுறை கையால் திறந்து.

கடைசியாக ஒன்று, லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) இருக்கிற தம்பி: பக்கத்துக் காம்பராக்காரர்கள் மோட்டர் சத்தம் என்று சண்டைக்கு வருவார்களா?

கதவு திறக்க அரை நிமிடம்கூட ஆகாது, பல் துலக்குகிற சத்தம்தான் வரும். அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே உங்கள் சேவல் ஆரம்பித்துவிடும். சண்டை வந்தால் அதற்காகத்தான் வரும்.