தரையில் சொட்டாத கசிவு: வாசகர் கேள்விகளுக்குப் பட்டறையிலிருந்து பதில்

கேள்வி: என் காரில் இருப்பது டர்போ பெட்ரோல் எஞ்சின். 80,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பத்து நாளைக்கு ஒருமுறை கூலன்ட் டப்பாவில் அளவு மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோட்டுக்கு இறங்கிவிடுகிறது. வண்டி நின்ற இடத்தில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. நெடுந்தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தினால் மட்டும் பானெட் பக்கம் தித்திப்பாக ஒரு வாடை வருகிறது. ஒரு மெக்கானிக் வாட்டர் பம்பை மாற்றினார், குறைவது நிற்கவில்லை. இன்னொருவர் ஹெட் காஸ்கெட் (எஞ்சினின் தலைப்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்கிறார். பிரிக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பாதிப் பதிலை நீங்களே எழுதி அனுப்பிவிட்டீர்கள். கூலன்ட் என்பது எஞ்சினை ஆற்றும் திரவம். எஞ்சினுக்குள் போய் எரிகிற கூலன்ட் சைலன்சர் வழியாகத்தான் வெளியேறும். பானெட் பக்கம் வாடை வந்தால், கூலன்ட் வெளியே எங்கோ கசிந்து சூடான இரும்பில் பட்டு ஆவியாகிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். டர்போ எஞ்சினில் அப்படிச் சூடான இரும்புக்குப் பஞ்சமே இல்லை.

எரிந்த வாயுவின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது டர்போ. அதன் ஒரு பக்கம் எஞ்சினிலிருந்து வரும் எரிந்த வாயு பாய்கிறது. பெட்ரோல் எஞ்சினை முழுச் சுமையில் மிதித்தால் அந்த வாயுவின் வெப்பம் 900 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வரை போகும். நடுவே பேரிங் இருக்கும் கூட்டில் எண்ணெய் கருகிப்போகாமல் இருக்கத்தான், பெரும்பாலான பெட்ரோல் டர்போக்களில் கூலன்ட்டைச் சுற்ற விடுகிறார்கள். அதற்கு ஒரு சின்னக் குழாய் உள்ளே போகும், ஒன்று வெளியே வரும். பல எஞ்சின்களில் இரண்டையும் நடுவில் துளையுள்ள பாஞ்சோ போல்ட்டால் இறுக்கி, இரு பக்கமும் செப்பு வாஷரோ அலுமினிய வாஷரோ வைத்திருப்பார்கள். அந்த வாஷரில் ஊசிமுனை அளவு கசிந்தாலும் வருகிற நீர் டர்போவின் மேலேயே பொரிந்து மறைந்துவிடும். தரைக்கு எப்படி வந்து சேரும்? மிஞ்சுவது வெள்ளையாகவோ கூலன்ட்டின் சாயம் ஏறியோ ஒரு காய்ந்த படிவு மட்டும்.

உங்கள் முதல் மெக்கானிக்கை நான் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் அதே தப்பை நானும் செய்திருக்கிறேன். ஒரு வண்டியில் பம்புக்குக் கீழே ஈரத்தைப் பார்த்தேன், பம்பை மாற்றினேன். ஒரே வாரத்தில் வண்டி திரும்பி வந்தது. வாட்டர் பம்பில் சீல் தேய்ந்தால் கூலன்ட் வெளியேறுவதற்கென்றே ஒரு சின்னத் துளை இருக்கும். கழற்றிப்போட்ட பழைய பம்பை எடுத்து அந்தத் துளையைப் பார்த்தேன். சுத்தமாகக் காய்ந்து கிடந்தது. கழற்றுவதற்கு முன்பே அதைப் பார்த்திருக்க வேண்டும். மறுநாள் காலை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அழுத்தம் ஏற்றிவிட்டு ஒரு டார்ச்சோடு உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம் கழித்து டர்போவிலிருந்து திரும்பும் குழாயின் போல்ட் தலையில் ஒரு சொட்டு திரண்டது. அது குழாய் வழியே இறங்கி, ஒரு பிராக்கெட்டில் தேங்கி, பம்பின் மேல் விழுந்தது. ஆறு மாதத்துக்கு முன் அந்த டர்போவைக் கழற்றி மாட்டியதும் எங்கள் பட்டறையில்தான். பழைய வாஷரையே திரும்பப் போட்டது என்னிடம் வேலை கற்ற பையன். "போடு, தாங்கும்" என்று சொன்னது நான்.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். முதலில் உண்மையில் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். சூட்டில் கூலன்ட் விரிந்து அளவு ஏறும். அதனால் காலையில், குளிர்ந்த எஞ்சினில், ஒரே இடத்தில் வண்டியை நிறுத்தி, மார்க்கரால் டப்பாவில் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் ஓடிய கிலோமீட்டரும் எழுதுங்கள். மெக்கானிக்கிடம் "குறையுது" என்று சொல்வதைவிட இந்தக் கணக்கு அவருக்கு எவ்வளவோ உதவும்.

அடுத்து மூடி. அதை நிறையப் பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். கூலன்ட்டும் தண்ணீரும் சரிபாதி கலந்த திரவம் திறந்த பாத்திரத்தில் ஏறக்குறைய 107 டிகிரியில் கொதிக்கும். அதையே ஒரு பார் அழுத்தத்தில் அடைத்து வைத்தால் 125 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். அந்த அழுத்தத்தைப் பிடித்து வைப்பது மூடியின் வேலை. அதன் ஸ்பிரிங் தளர்ந்தால் எங்குமே ஓட்டை இல்லாமல் கூலன்ட் ஆவியாய்ப் போகும். டப்பாவின் கழுத்தைச் சுற்றிக் காய்ந்த கறை தெரியும். சூடாக இருக்கும்போது மட்டும் அதைத் திறந்துவிடாதீர்கள். அழுத்தம் விட்ட அந்த நொடியே உள்ளே இருப்பது கொதித்து முகத்துக்கு வரும்.

பிறகுதான் பிரஷர் டெஸ்டர். சைக்கிள் பம்பு மாதிரி ஒரு கைப்பம்பு, அதில் ஒரு மீட்டர். குளிர்ந்த எஞ்சினில் டப்பா மூடிக்குப் பதிலாக இதை மாட்டி, மூடியில் 1.1, 1.4 என்று எவ்வளவு பார் அச்சிட்டிருக்கிறதோ அதுவரை மட்டும் ஏற்ற வேண்டும். அதற்கு மேல் ஏற்றினால் நல்ல ரேடியேட்டரை நாமே கெடுத்ததாகிவிடும். ஏன் குளிர்ந்த எஞ்சின்? கசிவது அப்போதுதான் ஆவியாகாமல் நீராகவே நிற்கும். இங்கே பொறுமை வேண்டும். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு "லீக் இல்லை சார்" என்று சொல்பவரிடம், இன்னும் ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவைக்கச் சொல்லுங்கள். டர்போவைச் சுற்றியுள்ள வெப்பத் தகட்டைக் கழற்றாமல் பார்ப்பது பார்த்ததில் சேராது. கண் எட்டாத இடத்துக்குச் சின்னக் கண்ணாடியை நீட்டிப் பார்க்க வேண்டும். ஈரம் தெரிந்தால் அதோடு நிற்காமல், அது எங்கிருந்து இறங்கி வருகிறது என்று மேலே மேலே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். ஓடும் வண்டியில் காற்று வேறு சொட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டு போகும்.

அதிலும் பிடிபடாவிட்டால், சூட்டில் மட்டும் வாய் திறக்கிற கசிவாக இருக்கலாம். கூலன்ட்டில் ஒளிரும் சாயம் கலந்து, சில நாள் வழக்கம்போல ஓட்டிவிட்டு, இருட்டில் புற ஊதா விளக்கு அடித்துப் பார்க்க வேண்டும். கூலன்ட் ஆவியானாலும் சாயம் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். டர்போ குழாய்களுக்கு இது மிகவும் ஏற்ற முறை. (சில கூலன்ட்கள் தாமாகவே கொஞ்சம் ஒளிரும். ஆகவே முன்பு சிந்தியதைத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் எஞ்சின் முழுக்க மின்னும்.)

ஹெட் காஸ்கெட் பற்றிக் கேட்டீர்கள். பிரஷர் டெஸ்டரின் மீட்டர் முள் இறங்குகிறது, வெளியே எங்கும் ஈரம் இல்லை, காருக்குள் ஹீட்டர் பக்கம் கார்ப்பெட்டும் நனையவில்லை என்றால்தான் அந்தப் பேச்சு. அப்போதும் உடனே பிரிக்க வேண்டியதில்லை. டப்பாவின் வாயில் நீல நிறத் திரவக் குழாயை வைத்துச் சோதிக்கலாம். எரிந்த வாயு கூலன்ட்டில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். டர்போ எஞ்சினில் ஒரு சிக்கல் உண்டு: டர்போ அழுத்தம் ஏறும்போது மட்டும் காஸ்கெட் விட்டுக்கொடுக்கலாம். சும்மா நின்று ஓடும்போது சோதித்தால் நீலம் நீலமாகவே இருக்கும். சுமையோடு ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு வந்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கேமராவை உள்ளே விட்டால், கூலன்ட் போகிற சிலிண்டரின் பிஸ்டன் தலை மட்டும் கரி இல்லாமல் கழுவிவிட்டதுபோலப் பளிச்சென்று தெரியும்.

என் பந்தயம், நீங்கள் எழுதிய அறிகுறிகளை வைத்து, டர்போவுக்குப் போகிற குழாய் அல்லது அதன் வாஷர். மாற்றும்போது புது வாஷர் போடச் சொல்லுங்கள். போல்ட்டைத் தயாரிப்பாளர் சொன்ன டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும்.

கேள்வி: எஞ்சினை அணைத்த பிறகும் முன்பக்கம் மின்விசிறி ஓடுகிறது, உள்ளே மெல்லிய ரீங்காரமும் கேட்கிறது. சில நிமிடம் கழித்துத்தான் அடங்குகிறது. பழுதா?

பதில்: இல்லை. எஞ்சின் நின்றதும் வாட்டர் பம்பும் நிற்கும், ஆனால் டர்போவின் சூடு உடனே போகாது. அதனால் பல வண்டிகளில் தனியாக ஒரு சின்ன மின்பம்பு கூலன்ட்டைக் கொஞ்ச நேரம் சுற்ற விடும். அந்த ரீங்காரம் கேட்டுக்கொண்டிருந்து திடீரென்று கேட்காமல் போனால்தான் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: கூலன்ட்டில் ஊற்றினால் கசிவை அடைக்கும் திரவம் விற்கிறார்களே, டர்போ வண்டிக்குப் போடலாமா?

பதில்: என் வண்டிக்குப் போட மாட்டேன். கசிகிற துளையை மட்டும் அடை என்று அதற்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. காருக்குள் சூடு தரும் ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களும் டர்போவின் சின்ன வழிகளும் அதற்கு ஒன்றுதான். நடுவழியில் மாட்டிக்கொண்டால் வீடு சேர ஊற்றலாம், பிறகு முழுதும் கழுவிவிட வேண்டும்.

கேள்வி: காலையில் மட்டும் ஒரு ஹோஸ் முனையில் நாலு சொட்டு. எஞ்சின் சூடானதும் நின்றுவிடுகிறது. விட்டுவிடலாமா?

பதில்: குளிரில் ரப்பரும் பிளாஸ்டிக்கும் சுருங்கி இடைவெளி விடும், சூட்டில் விரிந்து அடைத்துக்கொள்ளும். திருகுக் கிளிப் என்றால் குளிர்ந்திருக்கும்போது சற்று இறுக்குங்கள். ஸ்பிரிங் கிளிப்பாக இருந்து பலமுறை கழற்றி மாட்டியிருந்தால் புதிது போடுங்கள். அதோடு ஹோஸ் முனையைத் தொட்டுப் பாருங்கள். மரம் மாதிரி இறுகியிருந்தால் எந்தக் கிளிப்பும் பிடிக்காது.

கேள்வி: டீசல் டர்போ. கூலன்ட் குறைகிறது, வெளியே ஈரம் இல்லை, வாடையும் இல்லை. எஞ்சின் ஆயிலும் சுத்தமாக இருக்கிறது. சைலன்சரில் வெள்ளைப் புகை மட்டும், சூடான பிறகும் வருகிறது. டர்போ போய்விட்டதா?

பதில்: டர்போவை விடுங்கள், இ.ஜி.ஆர் கூலரைப் பாருங்கள். எரிந்த வாயுவைத் திரும்ப எஞ்சினுக்குள் அனுப்பும் முன் கூலன்ட்டால் ஆற்றும் பகுதி அது. உள்ளே இருக்கும் மெல்லிய தகடு விரிசல் விட்டால் கூலன்ட் வாயுவோடு சேர்ந்து வெளியேறிவிடும். நீங்கள் எழுதியது அப்படியே பொருந்துகிறது. அதைத் தனியாகக் கழற்றி, வாய்களை அடைத்து, தண்ணீரில் மூழ்க வைத்துக் காற்று ஏற்றினால் குமிழி வரும் இடம் தெரிந்துவிடும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சின் ஒரு கணம் இறுகி நிற்பதுபோல் இருந்தால் மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள். இரவில் கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கித் தேங்கியிருக்கலாம். நீர் அமுங்காது, வளைவது பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடுதான். அப்படி ஒருமுறை ஆகியிருந்தால் வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகாமல் கட்டி இழுத்துப் போங்கள்.