தட்டைப் பிரித்து வைத்தால் டி.பி. போகுமா?

கேள்வி: என் தங்கைக்கு 26 வயது. நூல் மில்லில் ஷிப்ட் வேலை. மூன்று மாதமாக இருமிக்கொண்டே வேலைக்குப் போனாள். இப்போது டி.பி. என்கிறார்கள். அவள் மாமியார் தட்டு, தம்ளர், பாய் எல்லாவற்றையும் தனியாகப் பிரித்துவைத்தார். பிறகு மூன்று வயதுக் குழந்தையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, அவளை மட்டும் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வெளியே தெரிந்தால் கடைசித் தங்கையின் கல்யாணம் தடைபடும் என்று அம்மா அழுகிறார். அரசு ஆஸ்பத்திரியில் பெயர் பதியாமல், வெளியூரில் தனியார் டாக்டரிடம் ரகசியமாகப் பார்க்கலாமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, வேண்டாம். தனியார் டாக்டரும் டி.பி. நோயாளியின் விவரத்தை அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். 2012 முதல் அதுதான் விதி. வெளியூருக்குப் போனால் பஸ் செலவும் ஒருநாள் கூலியும் போகும். இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும், 'சரியாகிவிட்டதே' என்று மாத்திரையை விட்டுவிடத் தோன்றும். பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத டி.பி.யாக மாறக்கூடும். பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் ஆறு மாத மாத்திரையும் இலவசம்.

மாமியாரின் பயம் புரிகிறது. ஆனால் டி.பி. காற்றில்தான் பரவும், தட்டிலும் தம்ளரிலும் அல்ல. 1956இல் சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். நெரிசலான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளில் ஒரு பாதிப் பேரை சானடோரியத்தில், அதாவது டி.பி. நோயாளிகளைத் தங்கவைக்கும் ஆஸ்பத்திரியில், வைத்தார்கள். மறுபாதிப் பேருக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தார்கள். இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாக வரவும் இல்லை. அதற்குப் பிறகுதான் டி.பி. நோயாளி வீட்டில் இருந்தபடியே ஆஸ்பத்திரி மருந்து சாப்பிடும் முறையை உலகமே ஏற்றுக்கொண்டது. உங்கள் தங்கையோடு இருந்தவர்களுக்கு ஆபத்து இருந்தது, மருந்தில்லாமல் அவள் இருமிய அந்த மூன்று மாதத்தில்தான். சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களில் பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும்.

அந்த மூன்று மாதம் ஏன் கடந்தது? லீவு போட்டால் சம்பளம் போகும். மருந்துக்கடை இருமல் சிரப்பிலேயே நாள் ஓடியிருக்கும். நைட் ஷிப்ட் முடிந்து வந்து, எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சிய சோற்றில் ரசம் ஊற்றிச் சாப்பிட்டவள்தானே அவள்? இதைக் குற்றம் சொல்வதற்காகக் கேட்கவில்லை. கிருமி பலர் உடம்பில் நோயாக மாறாமலே கிடக்கும். சத்தில்லாத உடம்பில்தான் எளிதில் தலைதூக்கும். ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்துக்கே மாதாமாதம் கூடுதல் உணவுப் பொருள் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த வீடுகளில் புதிதாக டி.பி. வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. 2023இல் வந்த இந்த முடிவை மாமியாரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தட்டைப் பிரித்த கையே அதில் தினம் ஒரு முட்டையும் ஒரு கரண்டிப் பருப்பும் கூடுதலாக வைக்கட்டும். வீட்டில் எல்லோர் தட்டிலும் வைக்கட்டும். சிகிச்சைக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் அரசு தருகிறது. அதற்குத் தங்கையின் பெயரிலேயே வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுங்கள். அந்தப் பணம் அவள் சாப்பாட்டுக்கே போகட்டும்.

டி.பி. பரம்பரை நோயல்ல என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அக்காவுக்கு வந்து குணமாகிற நோயைத் தங்கையின் கல்யாணப் பேச்சில் யாரும் இழுக்க நியாயமில்லை.

மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம். கண் மஞ்சளானால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவள் என்றால் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லட்டும்; டி.பி. மருந்து அதன் பலனைக் குறைத்துவிடும்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு அவளைத் தனியாக அனுப்பாதீர்கள். அவள் கணவரைக் கூட வரச் சொல்லுங்கள். 'குடும்பத்தில் எல்லோரையும் பரிசோதிக்க வேண்டும்' என்று செவிலியர் சொல்வதை அவரே கேட்கட்டும். ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு, நோய் இல்லை என்று உறுதியான பிறகும் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். ஆகவே குழந்தையையும் தூக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அன்றைக்காவது அவள் தன் பிள்ளையைப் பார்க்கட்டும்.