எந்தக் கூடலூருங்க?

கேள்வி: ஐயா, போன மாசம் எங்க பொண்ணு கல்யாணம். மதுரையில இருந்து கெளம்புன சொந்தக்காரங்க 14 பேர், ஒரு வேன் புல்லா, மேப்புல கூடலூர்னு போட்டு நேரா கம்பம் தாண்டி தேனி மாவட்டத்து கூடலூர்ல போய் எறங்கிட்டாங்க. அங்க ஒரு டீக்கடைக்காரர்தான் கல்யாணப் பத்திரிகைய வாங்கிப் பாத்து, அதுல இருந்த நம்பருக்கு அவரே போன் போட்டு கேட்டு, எல்லாருக்கும் டீ குடுத்து அனுப்பியிருக்கார். முகூர்த்தத்துக்கு யாரும் வந்து சேரல. நம்ம கூடலூர்தானே பேமஸ், மத்த ஊர்க்காரங்கள பேர மாத்தச் சொல்லி நீங்க எழுதக்கூடாதா? – ஒரு வாசகர், கூடலூர்

பதில்: மொதல்ல பொண்ணும் மாப்பிள்ளையும் நல்லா இருக்கட்டும்ணே. அவ்ளோ தூரம் கெளம்பி வந்தவங்க தாலி கட்டறத பாக்க முடியாம போனது எனக்கே மனசுக்கு கஷ்டமா இருக்கு. ஆனா நீங்க கேட்டத நான் எழுத மாட்டேன்.

நம்ம நீலகிரி கூடலூர்தான் பேமஸ்னு சொல்றீங்க, யாருக்கு பேமஸ்? ஊட்டிக்காரங்களுக்கு, மைசூர் போறவங்களுக்கு, நெலம்பூர்ல இருந்து நாடுகாணி ஏறி வர்றவங்களுக்கு. மதுரைக்காரங்கள கேட்டுப் பாருங்க, அவங்களுக்கு கூடலூர்னா கம்பத்துக்கு அடுத்து, லோயர் கேம்ப்புக்கு முன்னாடி, திராட்சை தோட்டமா இருக்கற கூடலூர்தான். கோயம்புத்தூர்ல பெரியநாயக்கன்பாளையம் பக்கம் கேட்டா அங்கயே ஒண்ணு இருக்கு. மூணுமே இப்ப நகராட்சி. அப்புறம் இங்கிலீஷ்ல அட்ரஸ் எழுதினா கடலூரும் இதுல வந்து சேந்துக்குது, அந்த ஸ்பெல்லிங்க வாசிச்சா வாயில கூடலூர் மாதிரிதான் வருது, நம்ம ஊருக்கு வரவேண்டிய பார்சல் கடல்கரைக்குப் போய்ட்டு வந்த கதை இந்த பஜார்ல பல பேருக்கு தெரியும்.

சரி, பழசு யாருன்னு பாத்து முடிவு பண்ணலாம்னா அதுவும் நமக்கு கைகுடுக்காதுங்க. 1877 வரைக்கும் நம்ம ஊர் நீலகிரியிலயே இல்ல, மலபார் ஜில்லாவுல வயநாட்டோட இருந்துச்சு, அந்த வருஷம்தான் நீலகிரியோட சேத்தாங்க. கூடல்னா ரெண்டு மூணு விஷயம் ஒண்ணு சேர்ற எடம். ஆறு சேந்தாலும் கூடல், வழி சேந்தாலும் கூடல், மதுரைக்கே நான்மாடக்கூடல்னு பேர் இருக்கு. நம்ம ஊர்ல ஊட்டி ரோடும் மைசூர் ரோடும் கேரளா ரோடும் சேருது, மூணு ஸ்டேட் ஆளுங்களும் சேர்றாங்க, பேரு பொருத்தமாத்தான் இருக்கு, ஆனா அதுக்காக வேற எங்கயும் எதுவும் சேரக்கூடாதுன்னு சொல்ல முடியுமா?

கல்யாணமாவது பரவால்ல, பேசி சமாதானம் ஆகிக்கலாம். எனக்கு பயமே மழைக் காலத்துலதான். ஜூன் ஜூலைல தென்மேற்கு பருவமழை பிடிச்சா நம்ம தேவாலா, பந்தலூர், ஓவேலி பக்கம் எப்படி கொட்டும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். அதே நேரம் கம்பம் பள்ளத்தாக்கு மலைக்கு அந்தப் பக்கம் மழை மறைவுல இருக்கும், அங்க முல்லைப்பெரியாறு தண்ணிய தெறந்து விட்டாத்தான் நெல்லு நடவே. அவங்களுக்கு பெரிய மழை ஐப்பசி கார்த்திகையில. இப்ப "கூடலூரில் மண்சரிவு"ன்னு மட்டும் ஒருத்தர் போட்டு விட்டா திருப்பூர்ல வேலை பாக்கற பையன் எந்த ஊர்ல இருக்கற அம்மாவ நெனச்சு பதறுவான்? 2023 மே மாசம் அரிக்கொம்பன்ங்கற காட்டு யானை கம்பத்துக்குள்ள பூந்து, அந்தக் கூடலூர் பேரும் செய்தியில அடிபட்டப்ப எனக்கு வந்த போன் கொஞ்ச நஞ்சமில்ல. நம்ம ஊர்லயும் யானை தெனமும் ரோட்டுக்கு வருது, அதனால கேட்டவங்க நம்பிட்டாங்க, அவங்கள குத்தம் சொல்லவே முடியாது. ரெண்டு ஊருக்கும் நடுவுல ரோட்டு வழியா 300 கிலோமீட்டருக்கு மேல இருக்கு, ரெண்டுலயும் மலை, ரெண்டுலயும் கேரளா பார்டர், ரெண்டுலயும் யானை. சித்ரா பௌர்ணமி வந்தா கண்ணகி கோயிலுக்கு எப்படி போறதுன்னு நம்ம பத்திரிகை ஆபீஸுக்கு கேக்கறாங்க, அது அந்தக் கூடலூர் மலை மேல இருக்கு. கோத்தகிரிக்காரங்களுக்கும் இதே பாடுதான், கோடநாடு வியூ பாயிண்ட தேடினா கேரளாவுல பெரும்பாவூர் பக்கத்து கோடநாடு யானை கேம்ப்பும் கூடவே வந்து நிக்குது.

நீங்க லெட்டரோட வச்சிருந்த கல்யாணப் பத்திரிகைய நல்லா பாத்தேண்ணே. தாத்தா பாட்டி பேர்ல இருந்து மாமன் மச்சான் பேர் வரைக்கும் முப்பது பேர் இருக்கு, மண்டபம் பேர் இருக்கு, "பஸ் ஸ்டாண்டு அருகில், கூடலூர்"னு இருக்கு. நீலகிரிங்கற ஒரு வார்த்தை இல்ல, பின்கோடும் இல்ல. பின்கோடு வந்ததே 1972ல, இந்த மாதிரி ஒரே பேர் ஊருங்க குழப்பத்துக்காகவும் தான். 643ன்னு ஆரம்பிச்சா நம்ம மலை, 625ன்னா தேனிப் பக்கம், 641 கோயம்புத்தூர், 607 கடலூர், அவ்ளோதான். உங்க லெட்டர்லயும் கீழ வெறும் கூடலூர்னுதான் கையெழுத்து போட்டிருக்கீங்க, மேல தேனி கூடலூர வேற ஊர்னு எழுதியிருந்ததாலதான் எனக்கே புரிஞ்சுது.

அடுத்து வீட்ல எந்த விசேஷம் வந்தாலும் மாவட்டத்த ஊர் பேர விட பெருசா அடிக்கச் சொல்லுங்க. மேப் லிங்க் அனுப்பறதா இருந்தா நீங்க மண்டபத்து வாசல்ல நின்னு எடுத்து அனுப்புங்க. இந்த கேள்வி பதில் வர்ற நம்ம பத்திரிகை அட்டையிலயும் இத்தன வருஷம் வெறும் கூடலூர்னு போட்டது எங்க தப்பு, இந்த இதழ்ல இருந்து "கூடலூர், நீலகிரி மாவட்டம்"னு போட்டிருக்கோம்.

அப்புறம், முன்ன பின்ன தெரியாத 14 பேருக்கு டீ போட்டுக் குடுத்து, தன் காசுல போன் பண்ணி வழி சொன்னவரு அந்த ஊர்க்காரரு, அவர் ஊர் பேரத்தான் நீங்க மாத்தச் சொல்றீங்க. அவர் நம்பர் உங்க போன்ல இருக்கும். கூப்பிட்டு ஒரு வார்த்தை நன்றி சொல்லிடுங்கண்ணே.