மூன்று வயதுக் குதிரைக்கு முதல் முடிவெட்டு

கேள்வி: ஐயா, வணக்கங்க. கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டம் வச்சிருக்கேன். போன ஆடியில அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில மூணு வயசு கத்தியவார் ஜாதிப் பொட்டைக் குதிரைக்குட்டி ஒண்ணு வாங்கினேன். வாங்கும்போது மழமழன்னு இருந்துச்சு. குளிர் வந்ததும் முடி அடர்ந்துபோச்சு. சாயந்திரம் கயித்துல வட்டம் ஓட்டினா வேர்த்து, ராத்திரி எட்டு மணிக்கும் மேல் காயறதில்லைங்க. மெஷின் போட்டு முடி எடுக்கலாமுன்னு பார்த்தேன். சத்தம் கேட்டதுமே கயித்தை அத்துக்கிட்டு ஓடிருச்சு. மேலுதட்டுல கயிறு போட்டு முறுக்கி, முன்காலைத் தூக்கிக் கட்டி ஒரே நாள்ல முடிச்சிரலாமுன்னு சொல்றாங்க. செய்யலாமுங்களா?

பதில்: வேண்டாங்க. இந்த ஒரு நாள் வேலையை அவசரமாக முடித்தால், இனி இருபது வருஷம் ஒவ்வொரு தடவையும் அதே சண்டைதான். என் பணியின் தொடக்கத்தில் ஒரு லாயத்தில் இப்படி நான்கு பேர் பிடித்து ஒரு குட்டிக்கு முடி எடுத்தார்கள். நானும் நின்று பார்த்தேன், தடுக்கவில்லை. அந்தக் குதிரைக்கு எட்டு வயதானபோது காயத்துக்கு மருந்து போடப் போனேன். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடியது. சத்தம் கேட்டதும் உடம்பெல்லாம் நடுங்கி, நின்ற இடத்திலேயே சாணி போட்டது. தடுக்காமல் நின்றோமே என்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

முதலில், முழுசாக முடி எடுக்கத் தேவையே இல்லை. மார்கழி, தை மாதங்களில் உங்கள் பக்கம் உறைபனி விழும். அந்த முடிதான் அவளுக்குப் போர்வை. முடி சிலிர்த்து நிற்கும்போது இடையில் காற்றைப் பிடித்து வைத்துச் சூட்டைக் காக்கிறது. வேர்வையில் நனைந்து படிந்துவிட்டால் அது நடக்காது. ஆகவே ஓட்டும் நேரத்தைச் சாயந்திரத்திலிருந்து காலை பத்து மணிக்கு மேல் மாற்றுங்கள். வெயிலில் காய்ந்துவிடும். அதுவும் போதவில்லை என்றால், வேர்வை அதிகம் வரும் கழுத்தின் அடிப்பக்கம், மார்பு, வயிற்றின் அடி மட்டும் எடுத்தால் போதும். முதுகு, இடுப்பு, கால் முடியைத் தொட வேண்டாம். தோட்டத்து ஓரம் உண்ணிச்செடி முள் கிழிக்காமல் காப்பது அந்தக் கால் முடிதான்.

இனிப் பழக்குவது. இதற்கு இரண்டு, மூன்று வாரம் ஒதுக்குங்கள். குதிரையின் தோல் ஓர் ஈ உட்கார்ந்தாலும் உணர்ந்து சிலிர்க்கும். நமக்குக் கேட்காத மெல்லிய கீச்சொலியும் அதற்குக் கேட்கும். சத்தம், அதிர்வு, மேலே ஏதோ ஊர்வது, முடிக்கற்றை காலில் விழுவது எல்லாம் ஒரே நேரத்தில் வந்தால் எந்தக் குட்டியும் ஓடத்தான் செய்யும். அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அறிமுகம் செய்யுங்கள்.

முதல் நாலைந்து நாள் மெஷினே வேண்டாம். கையாலும் பிரஷ்ஷாலும் உடம்பு முழுக்கத் தேயுங்கள். முன்தொடை இடுக்கு, விலா ஓரம் போன்ற இடங்களில் எங்கே வாலைச் சுழற்றுகிறாள் என்று பார்த்து, அங்கே அவள் அமைதியாகும் வரை கையை வைத்திருங்கள். அடுத்து, வீட்டில் ஒருவர் இருபதடி தள்ளி நின்று மெஷினை ஓட்டட்டும். அவள் தலையைத் தூக்கிக் காதை விறைப்பாள். அப்போது நிறுத்தாதீர்கள், கிட்டேயும் வராதீர்கள். தலை தாழ்ந்து, வாயை அசைபோட ஆரம்பித்து, ஒரு பெருமூச்சு விட்டதும் நிறுத்துங்கள். முழு வித்தையும் இதில்தான் இருக்கிறது. துள்ளும்போது நிறுத்தினால் துள்ளினால் சத்தம் போகும் என்று கற்றுக்கொள்வாள். அமைதியாக நிற்கும்போது நிறுத்தினால், நின்றால் போதும் என்று கற்றுக்கொள்வாள். நாளுக்கு நாள் நாலடி கிட்டே வரலாம்.

அதிர்வுக்கு உங்கள் செல்போனே போதும். வைப்ரேட்டில் போட்டு உள்ளங்கையில் வைத்து, அந்தக் கையால் தோளைத் தடவுங்கள். பிறகு ஓடாத மெஷின். கடைசியில், இடது உள்ளங்கையை அவள் தோளில் வைத்து, ஓடுகிற மெஷினின் பின்பக்கத்தை உங்கள் புறங்கையில் சாய்த்துப் பிடியுங்கள். அதிர்வு உங்கள் கை வழியாகப் போகும்போது அவளுக்கு அது தெரிந்த தொடுதலாக இருக்கும். முதலில் தோல் துடிக்கும். துடிப்பு அடங்கியதும் எடுத்துவிடுங்கள். இத்தனை நாளும் ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம் போதும்.

வெட்டும் நாளைக்கு முந்திய நாள் நண்பகலில் குளிப்பாட்டி, நன்றாகக் காய விடுங்கள். அழுக்கு முடியில் பிளேடு இழுக்கும். அந்த வலி ஒன்றே மூன்று வார உழைப்பைக் கெடுத்துவிடும். பேட்டரி மெஷின் கிடைத்தால் நல்லது, வயர் காலில் ஊராது. வயர் மெஷின்தான் என்றால் தரை காய்ந்திருக்கட்டும், இணைப்பில் மின்கசிவு தடுப்பான் இருக்கட்டும். குதிரைக்குச் சின்ன ஷாக்கும் ஆபத்து. இரவல் மெஷின் என்றால் பிளேடைக் கழுவிக் கிருமிநாசினியில் துடையுங்கள், படர்தாமரை அப்படித்தான் லாயத்துக்கு லாயம் போகிறது.

தோளை ஒட்டி மார்புப் பக்கம் ஆரம்பியுங்கள், முடியின் போக்குக்கு எதிராக வெட்டுங்கள். சுழி வரும் இடத்தில் முடியின் போக்கு திரும்பும், மெஷினையும் கூடவே திருப்ப வேண்டும். முடி எடுத்தால் சுழி போய்விடுமோ என்று சிலர் பயப்படுவார்கள். போகாது, முடி அதே சுற்றில்தான் முளைக்கும். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பிளேடை மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அவளுக்கும் சுடும். எண்ணெய் விட்டு ஆற விடுங்கள். கெட்டியாகக் கட்டிப் போடாமல், பத்தடிக் கயிற்றில் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும், கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. பிடிப்பவரும் வெட்டுபவரும் ஒரே பக்கம் நில்லுங்கள். அவள் பொறுமை இழந்தால் அமைதியான ஒரு நொடியில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள். பாதி வெட்டிய குதிரை பார்க்க ஒரு மாதிரிதான் இருக்கும், அவளுக்கு அதனால் ஒன்றும் குறையாது.

முகத்து மீசை முடியையும் காதின் உள்முடியையும் எடுக்கவே வேண்டாம். மூக்கின் கீழே இருப்பதை அவள் மீசையால்தான் அறிகிறாள். மீசை எடுத்த குதிரையைச் சர்வதேசக் குதிரையேற்றப் போட்டிகளில் 2021 ஜூலை முதல் அனுமதிப்பதில்லை.

இவ்வளவு செய்தும் அடங்கவில்லை என்றால் மயக்க ஊசியைக் கால்நடை மருத்துவர்தான் போட வேண்டும். ஊசி போட்டாலும் திடீரென உதைக்கும், பின்னால் நிற்காதீர்கள். டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்றும் அவரிடம் கேளுங்கள். சின்னக் கீறலும் குதிரைக்குப் பொல்லாதது. வெட்டிய பிறகு இரவில் காய்ந்த கம்பளி போர்த்துங்கள். குளிர் கூடினால் கொள்ளுத் தீனியைக் கூட்டாமல் காய்ந்த புல்லைக் கூட்டிப் போடுங்கள். நார் குடலில் செரிக்கும்போதுதான் உடம்புக்குச் சூடு கிடைக்கும்.