தாக்காமல் விட்ட இரவு

அன்புள்ள ஐயா,

போர் வரலாறுகளை வாசிக்க வாசிக்க எனக்கு ஒரு சந்தேகம் வலுத்துக்கொண்டே வருகிறது. வென்றவனை மாவீரன் என்கிறோம். உள்ளே போய்ப் பார்த்தால், சோறும் தோட்டாவும் அதிகம் வைத்திருந்தவன்தான் வென்றிருக்கிறான். தளபதியின் மதிநுட்பம் என்பதெல்லாம் பிறகு எழுதிச் சேர்த்த கதைதானா?

கே., திருநெல்வேலி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் சந்தேகத்தில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதிக்கு வியட்நாமின் தியன் பியன் பூவைப் பாருங்கள்.

1953 நவம்பரில் பிரெஞ்சுப் படை லாவோஸ் எல்லையை ஒட்டிய அந்தப் பள்ளத்தாக்கில் பாராசூட்டில் இறங்கியது. சுற்றிலும் காட்டுமலை. அங்கே, பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துப் போராடிய வியட்மின் படையால் கனரகப் பீரங்கிகளை ஏற்ற முடியாது, ஏற்றினாலும் அடித்து நொறுக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். உணவும் வெடிபொருளும் விமானத்தில் வந்துவிடும்.

எதிர்ப்பக்கத் தளபதி வோ நுயென் கியாப் வரலாற்று ஆசிரியராக இருந்தவர். ராணுவக் கல்லூரியில் படித்தவரில்லை. 1954 ஜனவரியில் அவர் களத்துக்கு வந்து சேர்ந்தபோது திட்டம் தயாராகவே இருந்தது. சீன ஆலோசகர்களும் அவருடைய அதிகாரிகளும் சேர்ந்து போட்டது: ஒரே வீச்சில் பாய்ந்து சில நாட்களில் முடித்துவிடுவது. பீரங்கிகளை வீரர்கள் கயிறு கட்டித் தோள்பலத்தால் மலைமேல் இழுத்துக்கொண்டிருந்தார்கள். தாக்குதலுக்கு ஜனவரி 25 என்று நாள் குறித்து, ஒரு நாள் தள்ளி வைத்திருந்தார்கள். 26ஆம் தேதி கியாப் அதை நிறுத்தினார்.

எவ்வளவு கடினமான முடிவு என்று யோசித்துப் பாருங்கள். படை துடித்துக்கொண்டு நிற்கிறது, ஆலோசகர்கள் வேகம் வேண்டும் என்கிறார்கள். ஆனால் எதிரி அரண்களைப் பலப்படுத்திவிட்டான். கியாப்பின் காலாட்படையும் பீரங்கிப்படையும் இந்த அளவில் இணைந்து போரிட்டதில்லை. 1951இல் வட வியட்நாமின் சிவப்பாற்றுச் சமவெளியில் அவசரப்பட்டு நேருக்கு நேர் மோதி ஏராளமான வீரர்களைப் பறிகொடுத்தவர் அவர்தான். வெற்றி உறுதியானால் மட்டும் அடி என்று வியட்மின் தலைவர் ஹோ சி மின் சொல்லி அனுப்பியதும் மனதில் இருந்திருக்கிறது. ஏற்றிய பீரங்கிகளைத் திரும்ப இறக்கச் சொன்னார். அப்படி இறக்கும்போது உருண்ட பீரங்கியைத் தடுக்கத் தன் உடலையே சக்கரத்தின் அடியில் கொடுத்து இறந்தவர் தோ வின் தியன். வியட்நாமில் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறார்கள்.

நீங்கள் சொல்லும் சோறும் தோட்டாவும் இந்த இடத்தில்தான் வருகின்றன. சில நாள் சண்டை பல வார முற்றுகையாக மாறினால் அரிசி எத்தனை மடங்கு வேண்டும்! சுமார் இரண்டரை லட்சம் விவசாயிகள் தோள்சுமையாகவும், மூங்கில் கட்டிப் பலப்படுத்திய சைக்கிள்களிலும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஒரு சைக்கிளில் இருநூறு கிலோவுக்கு மேல் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனார்கள். உழுபவனுக்கு நிலம் என்ற சட்டம் முந்தைய டிசம்பரில்தான் நிறைவேறியிருந்தது. அந்த உழைப்புக்குப் பின்னால் அந்த நம்பிக்கையும் உண்டு. ஆக, வழங்கல் இல்லாமல் கியாப் வென்றிருக்க முடியாது. ஆனால் எதற்காக, எவ்வளவு காலத்துக்கு அந்த அரிசி என்று முடிவு செய்தது ஒரு மனிதர்.

மார்ச் 13 அன்று தாக்குதல் தொடங்கியது. மலைச்சரிவில் குடைந்து மறைத்த பீரங்கிகளை பிரெஞ்சுக்காரர்களால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. மாத முடிவுக்குள் விமான ஓடுதளம் பயனற்றுப் போனது. கியாப் எல்லாவற்றையும் சரியாகச் செய்தார் என்று சொல்ல மாட்டேன். மார்ச் இறுதியில் கிழக்குக் குன்றுகளில் அலையலையாக ஆட்களை அனுப்பிப் பெரும் இழப்பைச் சந்தித்தார். அதன்பிறகுதான் பதுங்குகுழி வெட்டி அங்குலம் அங்குலமாக நெருங்கும் முறையை இறுகப் பிடித்துக்கொண்டார். மே 7 அன்று முகாம் விழுந்தது. மறுநாள் ஜெனீவாவில், வியட்நாம், லாவோஸ், கம்போடியா அடங்கிய இந்தோசீனா பற்றிய பேச்சு தொடங்கியது.

கியாப் தள்ளிப்போட்ட அந்த ஆறேழு வாரம் பிரெஞ்சுத் தரப்புக்கும் கிடைத்த அவகாசம்தான். விமானமும் அவர்களிடமே இருந்தது. ஆனாலும் மார்ச் 13 வரை அவர்களுடைய பீரங்கிகள் கூரையில்லாத திறந்த குழிகளில்தான் நின்றன. எதிரிப் பீரங்கிகளை அடக்கிவிடலாம் என்று உறுதி சொல்லியிருந்த பீரங்கிப்படைத் தலைவர் ஷார்ல் பிரோ, தாக்குதல் தொடங்கிய சில நாட்களில் கையெறி குண்டால் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.